நீர்ப்பிரமிக்கு நல்ல தண்ணீர் வேண்டும்!

மாசி மாதம் பிறந்துவிட்டால் போதும். பொங்கலூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பரீட்சை!

பையன் பத்தாம் வகுப்பு. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா பனியன் கம்பெனியில் இருந்து இரவு பத்து மணிக்கு வருகிறார். அம்மா காலையில் விசைத்தறிக்குப் போகிறாள். பிள்ளைகளாவது படித்துப் பெரிய வேலைக்குப் போகட்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை.

அந்த ஆசையைக் குறி வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. அதுதான் ஞாபக சக்தி டானிக்! பாட்டிலின் மேல் சிரித்த முகத்துடன் ஒரு பையன் படம். கீழே ஒரு பச்சை இலை. அந்த இலைக்குப் பெயர் பிரமி.

"இந்த இலை நம்ம தோட்டத்து வாய்க்காலிலேயே படர்ந்து கிடக்குமே! இதுக்கு எதுக்கு இத்தனை காசு?" என்று கேட்கும் பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பாதிதான் சரி. மற்றப் பாதி, அந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பொறுத்தது.

செடி எது?

நீர்ப்பிரமி தரையோடு தரையாகப் படரும் செடி. ஒரு சாண் உயரத்துக்கு மேல் நிமிர்வது அபூர்வம். தண்டு சாறு நிறைந்து மொழுமொழுவென்று இருக்கும். தண்டில் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்டதும் அங்கே வேர் விடும். அப்படியே ஊர்ந்து ஊர்ந்து சேற்றை மூடிவிடும். ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் இருக்கும். ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய வேலை இல்லை.

இலை சிறியது. சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். சதைப்பற்று உள்ளது. ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இரண்டு இரண்டாக இருக்கும். பூ வெள்ளையாகவோ மங்கிய ஊதாவாகவோ ஐந்து இதழோடு பூக்கும். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கசக்கும். இந்தக் கசப்பு ஒரு நல்ல அடையாளம்.

தாவர நூல்களில் இதற்குப் பெயர் பாகோபா மொன்னியேரி. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறவர்கள் அலங்காரத்துக்காக இதை வாங்கித் தண்ணீருக்குள்ளேயே வளர்ப்பதும் உண்டு. தண்ணீருக்கு உள்ளேயும் வாழும், கரையிலும் வாழும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

"ஏனுங் அத்தை, இது வல்லாரை தானுங்களே?"

"இல்லை அம்மிணி. வல்லாரை இலை வட்டமாத் தவளைப் பாதம் மாதிரி இருக்கும். இது பொடி இலை. இது வேற, அது வேற."

இப்படி ஒரு பேச்சு எந்த வீட்டுக் கொல்லையிலும் நடக்கக்கூடியதுதான். வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையையும் பிராமி என்றே சொல்கிறார்கள். கேரளத்தில் பிரமி என்றால் இந்தப் பொடி இலைச் செடிதான். நம் ஊர்க் கடைகளில் இரண்டு பெயரும் கலந்து வருகின்றன. அதனால் பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குவதே நல்லது.

மார்க்கு வருமா?

இதைத் தின்றால் பிள்ளைக்கு மார்க்கு வருமா? இதுதான் தாய்மார்களின் கேள்வி. இதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

ஆயுர்வேதத்தில் பிராமி நெய் மிகப் பழைய மருந்து. வங்காளத்தில் பிராமிக் கீரையை நெய்யில் வதக்கிச் சோற்றோடு குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 1960களிலேயே இந்தச் செடியில் இருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பாகோசைடு என்று பெயர்.

பிறகு வெளிநாடுகளிலும் சோதனை செய்தார்கள். 2001-ல் ஆஸ்திரேலியாவில் 46 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் செடியின் சாரம், நாளைக்கு 300 மில்லிகிராம். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, சாரம் சாப்பிட்டவர்களுக்குப் புதிதாகக் கற்கும் திறனில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. 2002-ல் அதே நாட்டில் 76 பேரிடம் நடந்த வேறொரு சோதனையில், கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது தெரிந்தது.

இந்தச் சோதனைகளில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பள்ளிப் பிள்ளைகள் அல்ல. அவர்கள் சாப்பிட்டதும் அளந்து செய்த மாத்திரை. கீரைத் துவையல் அல்ல. பலன் தெரியவும் வாரக்கணக்கில் ஆயிற்று.

ஆகவே பரீட்சைக்கு முதல் நாள் அரைத்துக் கொடுத்து, மறுநாள் மார்க்கை எதிர்பார்ப்பது வீண். சில பேருக்கு இது வயிற்றைக் கலக்கும், குமட்டும். பரீட்சை அன்று அந்தத் தொல்லை வேறு எதற்கு?

கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கீரைதானே என்று நினைக்கக்கூடாது. மருந்துக் குணம் உள்ள கீரைக்கு மருந்துக்கு உள்ள மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் இதை ஏன் வளர்க்க வேண்டும்? வாரத்தில் ஒரு நாள், ஒரு கைப்பிடி, தேங்காயும் பருப்பும் சேர்த்துத் துவையல் செய்தால் நல்ல கசப்புக் கீரை ஒன்று வீட்டில் கிடைக்கிறது. தவிர, வறண்ட பூமியில் ஒரு சிறு பச்சைக் குளம் வாசலில் இருப்பதே கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி! இந்த இரண்டுக்காகவே வளர்க்கலாம். டானிக் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம்.

பச்சையை நம்பாதே!

இனிதான் முக்கியமான விஷயம் வருகிறது.

நீர்ப்பிரமிக்கு ஒரு குணம் உண்டு. தான் வாழும் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 1990களில் இதைச் சோதித்தார்கள். காட்மியம், குரோமியம், பாதரசம், ஈயம் கலந்த நீரில் நீர்ப்பிரமியை வளர்த்துப் பார்த்தார்கள். அந்த உலோகங்கள் செடியின் வேரிலும் தண்டிலும் இலையிலும் சேர்ந்தன. அழுக்கு நீரைச் சுத்தம் செய்ய இந்தச் செடியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனைகூட இதனால்தான் வந்தது.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் செடி என்றால் நல்ல செடிதானே என்று தோன்றும். தண்ணீருக்கு நல்லது. அந்தச் செடியைச் சமைத்துத் தின்கிறவனுக்கு?

இன்னொரு குணமும் உண்டு. உப்புத் தண்ணீரையும் இது தாங்கும். கடலோரத்து உவர் நீரில்கூட வளரும். மற்றக் கீரையெல்லாம் வாடி மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும். "தண்ணீர் சரியில்லை" என்று சொல்லிவிடும். நீர்ப்பிரமி பல சமயம் சொல்லாது. பச்சைப் பசேலென்று நின்றுகொண்டே இருக்கும்.

உலோகம் சேர்ந்த கீரையை எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை. அது இலையின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் சாகுமா?

நொய்யலின் கதை

இதை வேறு ஜில்லாக்காரர்களிடம் சொன்னால் ஒருவேளை ஆச்சரியப்படுவார்கள். திருப்பூர் வட்டாரத்தில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இங்கே உள்ளவர்களுக்குத் தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்பது தெரியும்.

பனியன் தொழில் வளர்ந்தது. சாயப் பட்டறைகள் பெருகின. துணியை வெளுக்கத் தண்ணீர், சாயம் ஏற்றத் தண்ணீர், அலசத் தண்ணீர். அத்தனையும் கடைசியில் நொய்யல் ஆற்றுக்கே போயிற்று. பட்டறையில் அன்று என்ன நிறமோ, அந்த நிறமே ஆற்றிலும் ஓடிய காலம் ஒன்று இருந்தது.

நிலங்களுக்குப் பாசனம் கொடுப்பதற்காக ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் அது வந்தது. பயிருக்குத் தண்ணீர் தேக்க வேண்டிய அணை, சாயக் கழிவைத் தேக்கும் இடமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் கெட்டன. கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்கவில்லை என்று விவசாயிகள் புலம்பினார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகு கழிவு நீரைச் சுத்தம் செய்து, வெளியே ஒரு சொட்டும் விடாமல் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டி வந்தது.

சாயக் கழிவில் பெரும்பகுதி உப்புதான். ஆனால் சில சாயங்களில் செம்பும் குரோமியமும் உண்டு. உப்பையும் தாங்கி, உலோகத்தையும் உறிஞ்சும் செடி எது என்று தேடினால், நீர்ப்பிரமி முன்னால் வந்து நிற்கிறது!

பொங்கலூர் நொய்யல் கரையில் இல்லை. கோவையில் இருந்து திருச்சி போகும் ரோட்டில், பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே மேட்டுப் பூமியில் இருக்கிறது. இங்கே பாசனத்துக்கு வருவது பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர். பாசனப் பகுதியை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் அந்தத் தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் ஆழ்துளைக் கிணறுதான்.

ஆகையால் பொங்கலூர்க்காரர்கள், "நமக்கு எந்தப் பயமும் இல்லை" என்று நினைக்கலாம். அப்படி நினைப்பது தவறு. ரோட்டோரச் சாக்கடை, பட்டறைக்குப் பின்னால் தேங்கும் குட்டை, கோழிப் பண்ணைக் கழிவு வடியும் ஓடை எல்லாம் இங்கேயும் உண்டு. அங்கே படர்ந்திருக்கும் கீரையைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கட்டுப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தால் எல்லாக் கீரையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நீர்ப்பிரமிக்கு மட்டும் அல்ல, ஈரத்தில் படரும் பொன்னாங்கண்ணிக்கும் ஆரைக்கீரைக்கும் இதையே கேட்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்று தெரியாத நீர்க்கீரையை வாங்காமல் விடுவதே மேல். அதைவிட நல்லது, வீட்டிலேயே தொட்டி வைப்பது.

தண்ணீர்ப் பஞ்சத்தில் குளமா?

"குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிறோம். இதில் வாசலில் குளம் வெட்டுவதா?" என்று ஒருவர் கோபப்படலாம். நியாயமான கோபம். இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு மழையே சுமார் 60 சென்டிமீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையை மறைத்துவிடுகிறது. வருகிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று அடி அகலமுள்ள வட்டத் தொட்டி ஒன்று. நல்ல கோடையில் அதில் ஆவியாகப் போவது நாளைக்கு 4 லிட்டரில் இருந்து 6 லிட்டர் வரை இருக்கும். அதாவது அரைக் குடம்! வாசலில் ஸ்கூட்டரைக் கழுவும் தண்ணீரில் எத்தனையோ நாள் இந்தத் தொட்டி நிறையும்.

அந்த அரைக் குடத்துக்கும் வழி உண்டு. காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். மழை நாளில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். பத்தடிக்குப் பத்தடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் தண்ணீர் வழிகிறது. ஒரு நல்ல மழையில் தொட்டி நிறைந்துவிடும்.

சோப்பு நீர் கூடாது. துணி துவைத்த நீர் கூடாது. பனியன் கம்பெனியில் இருந்து வந்த புதுத் துணியை முதல் முறை அலசிய நீர் கூடவே கூடாது. வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் இருந்தால், அதில் இருந்து தள்ளும் கழிவு நீரையும் ஊற்ற வேண்டாம். செடி தாங்கும். அதுதான் தொல்லை! தண்ணீர் ஆவியாகப் போகும். உப்பு மட்டும் தொட்டியில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த நீல டிரம் வேண்டாம்

திருப்பூர்ப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கும். நீல நிறம். விலை மலிவு. பழைய சாமான் கடையில் கிடைக்கும். அதைப் பாதியாக அறுத்தால் இரண்டு தொட்டி! இந்த யோசனை எல்லோருக்கும் உடனே வரும்.

அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது? சாயமா? பிளீச்சிங் ரசாயனமா? அமிலமா? விற்கிறவர், "நல்லாக் கழுவியாச்சுங்க" என்பார். பிளாஸ்டிக் சுவரில் ஊறிப்போனது கழுவினால் முழுக்கப் போய்விடாது. இந்த டிரம்மில் பூச்செடி வளர்க்கலாம். வாயில் போடும் கீரையை வளர்க்கக்கூடாது. பெயிண்டு வாளிக்கும் இதே விதிதான். நல்ல தண்ணீரைத் தேடித் தேடி ஊற்றிவிட்டு, தொட்டியில் விஷத்தை வைத்திருந்தால் என்ன பிரயோஜனம்?

சிமென்டுத் தொட்டி நல்லது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பழைய கல்தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. புதுச் சிமென்டுத் தொட்டி என்றால் முதலில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிமென்டின் காரம் மீனைக் கொன்றுவிடும்.

மீனா? ஆம், மீன் வேண்டும்! அதற்கும் காரணம் உண்டு.

கொசுவுக்குக் காவல்காரன்

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 2017-ல் தமிழ்நாடு முழுவதும் டெங்கு பரவி மக்கள் பட்ட பாட்டை மறக்க முடியுமா? சுகாதாரத் துறை ஆட்கள் வீடு வீடாக வந்து தொட்டி, டயர், தேங்காய்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்க்கிறார்கள். அவர்கள் செய்வது சரியே.

எனவே தொட்டி வைக்கிறவர் கொசுவுக்கும் பொறுப்பு. நான்கைந்து கப்பி மீன் விட்டால் போதும். கொசுப் புழுவைத் தேடித் தேடித் தின்னும். தனித் தீனி அதிகம் வேண்டாம். நிறையப் போட்டால் மீன் சோம்பேறியாகிப் புழுவைத் தின்னாது!

கப்பி இந்த நாட்டு மீன் அல்ல. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அதனால் தொட்டியில் பெருகிவிட்டது என்று எடுத்துப்போய் ஏரியிலும் குளத்திலும் விடக்கூடாது. அங்குள்ள சொந்த மீன்களுக்கு அது போட்டி. திருப்பூரில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. தூர தேசப் பறவைகள் வந்து தங்கும் குளம். 2024-ல் அதை உலக முக்கியத்துவம் உள்ள ராம்சர் நீர்நிலைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட குளத்தில் வீட்டு மீனைக் கொட்டிவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? மிஞ்சிய மீனை அடுத்த வீட்டுத் தொட்டிக்குக் கொடுக்கலாம்.

நடுவது எப்படி?

ஒன்றரை அடி ஆழத் தொட்டி போதும். மண்ணைச் சமமாகப் போடாமல் ஒரு பக்கம் உயரமாக, மறு பக்கம் தாழ்வாகச் சரித்துப் போட வேண்டும். உயரமான பக்கம் செடிக்கு. தாழ்வான பக்கம் மீனுக்கு. மூன்று கூடை வண்டல் மண்ணுக்கு ஒரு கூடை நன்றாக மக்கிய மாட்டு எரு. பச்சைச் சாணம் போட்டால் தண்ணீர் நாறும். மீன் செத்து மிதக்கும். பல்லடம் பக்கத்தில் கோழி எருவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் இந்தத் தொட்டிக்கு அது வேண்டாம்.

நாலு விரல் நீளத் தண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு இருக்கும்படி கிள்ளி, கணு மண்ணுக்குள் போகும்படி படுக்க வைத்து நட வேண்டும். செடிக்கு மேல் ஒரு விரல்கடைத் தண்ணீர் போதும். இரண்டு வாரத்தில் புதுத் துளிர் வந்துவிடும்.

இடம் பார்த்து வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்தில் பேய்க் காற்று. இங்கே காற்றாலைகளைச் சுற்றும் காற்று தொட்டித் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வீட்டின் கிழக்குப் பக்கம் வைத்தால் மேல்காற்று நேரே அடிக்காது. காலை வெயிலும் கிடைக்கும். பிற்பகலில் நிழலும் கிடைக்கும்.

இரண்டரை, மூன்று மாதத்தில் முதல் வெட்டு எடுக்கலாம். அடியோடு பிடுங்கக்கூடாது. மேல்பாகத்தைக் கத்தரித்துவிட்டால் மறுபடி தழையும். ஆடு மாடு வாய் வைத்த தொட்டிக் கீரையைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். புழுத் தொல்லை வரும். எப்போதும் வேகவைத்தோ வதக்கியோ தின்பது உத்தமம்.

சிலர் இதை வயலிலேயே பயிர் செய்கிறார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிலையம், பிரக்ஞாசக்தி, சுபோதக் என்று இதில் தனி ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும் பொங்கலூர்ப் பூமியில் ஏக்கர் கணக்கில் நீர்ப்பிரமி வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. இங்கே அது தொட்டிப் பயிர். அந்த அளவோடு நிற்பதுதான் அழகு.

யார் செய்வது?

லைன் வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு இடம் ஏது? பத்து வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு முற்றம். அங்கே தொட்டி வைத்தால் துணி துவைத்த நீர் அதில் தெறிக்காமல் இருக்குமா? இது உண்மையான கஷ்டம். வீட்டுக்காரர்கள் மனம் வைத்தால் மொட்டை மாடியில் ஒரு மூலை கொடுக்கலாம். கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்!

இதற்குச் சரியான இடம் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இரண்டு தொட்டி வைக்கலாம். ஒன்றில் நல்ல தண்ணீரில் நீர்ப்பிரமி. இன்னொன்றில் வல்லாரை. பிள்ளைகளே இலையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கணுவில் வேர் விடுவதைப் பார்ப்பார்கள். மீன் கொசுப் புழுவைப் பிடிப்பதைப் பார்ப்பார்கள். தண்ணீர் சோதனை என்றால் என்ன என்றும் கற்றுக்கொள்வார்கள். பொங்கலூரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செடியைப் பற்றிச் சந்தேகம் கேட்கவும், கிணற்றுத் தண்ணீரை எங்கே சோதிப்பது என்று விசாரிக்கவும் தூரம் போக வேண்டியதில்லை.

திருப்பூர்க்காரர்கள் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் சும்மா இருக்கிறவர்கள் அல்ல. 2015-ல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று தொடங்கி மரம் நட்டார்கள். ஆண்டுதோறும் நட்டார்கள். லட்சக்கணக்கில் நட்டார்கள். மரத்துக்குக் காட்டிய அந்த அக்கறையைத் தண்ணீருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. ஊருக்கு ஒரு குட்டை இருக்கிறது. அதன் கரையில் பனியன் வேஸ்டும் பாலித்தீன் பையும் குவிந்து கிடக்கின்றன. பஞ்சாயத்து அதை வாரினால் போதும். வாரிய பிறகு மறுபடி கொட்டுகிறவரைத் தட்டிக் கேட்டால் போதும். பாட்டி பறித்த அதே வாய்க்கால் கீரையைப் பேரனும் பயமில்லாமல் பறிக்கும் நாள் வரும். அதுவரைக்கும் தொட்டிதான்.

முதல் தண்டு

முதல் தண்டு எங்கே வாங்குவது? சாக்கடை ஓரத்தில் இருந்து பிடுங்கி வரக்கூடாது. நர்சரியிலோ, ஏற்கனவே தொட்டி வைத்திருக்கிற வீட்டிலோ வாங்கலாம். மீன் கடையில் விற்கும் செடியும் நீர்ப்பிரமியாக இருக்கலாம். ஆனால் அங்கே மீனுக்குப் போட்ட மருந்து தண்ணீரில் கலந்திருக்கும். அதனால் அப்படி வாங்கிய செடியின் முதல் வெட்டைத் தின்னாமல் எருக்குழியில் போட்டுவிட்டு, இரண்டாம் வெட்டில் இருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் நட்டால் தை பிறக்கும்போது முதல் துவையல். ஆரம்பத்தில் அரைக் கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தேங்காய் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். இல்லாவிட்டால், "கசக்குது அப்பத்தா!" என்று பேரப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு ஓடிவிடும்.